மூன்று கிடாவின் குடிக்கணக்கு

என் பெயர் நாரிஸ் சக்டன். தயவு செய்து இதைப் பெரிய எழுத்தில் நினைத்துக்கொண்டு படியுங்கள். எழுத்தின் அளவில் எனக்கு நடந்த அநியாயத்தைத்தான் சொல்லப் போகிறேன். உலகத்தில் வேறு எந்த ஆண்பிள்ளைக்கும் நடந்திருக்காது. நடந்திருந்தால் அவன் வெளியே சொல்லியிருக்க மாட்டான்.

1971 வசந்தத்தில் நான் ஒரு மகத்தான முடிவு எடுத்தேன். 'மூன்று கிடா' பப்பின் வாசலுக்கு மேலே என் பெயர் வர வேண்டும். தங்க வர்ணத்தில். தெருக்கோடியில் தள்ளாடி வருகிறவன்கூடத் தடுமாறாமல் படிக்கிற மாதிரி.

இதில் என்ன தப்பு? பப்பை வாங்கியவன் நான். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. தள்ளுவண்டியில் பழைய இரும்பு பொறுக்கி, ஓட்டை வாளியை ஓட்டை விலைக்கு வாங்கி, அதை நல்ல வாளி விலைக்கு விற்று முன்னுக்கு வந்தவன். எங்கள் ஹாக்கர்கில் ஊரில் பேரம் என்றால் சக்டன், சக்டன் என்றால் பேரம். சவப்பெட்டிக்காரன்கூட என்னைப் பார்த்தால் கடையைச் சாத்திக்கொண்டு போய்விடுவான்.

பப் நடத்துகிறவர் பெயர் வாசலுக்கு மேலே இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். சிக்கல் எங்கே வந்தது என்றால், உரிமம் கொடுத்த நீதிபதி என் முகத்தையும் என் மனைவி டோரீன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் சேர்த்தே எழுதித் தொலைத்தார். என் கோபம் ஊரறிந்த விஷயமாம். கூட ஒரு நிதானமான ஆள் வேண்டுமாம். அதையும் நான் நிதானமாகத்தான் கேட்டுக்கொண்டேன். மேஜையை ஒரே ஒரு தடவைதான் குத்தினேன்.

பலகையோ குறுகல். வர்ணம் பூசுகிற ஹெட்லி வந்து அளந்து பார்த்தான்.

"ஒரு பேரைப் பெருசா எழுதலாம். இன்னொண்ணு கீழே பொடிசாத்தான் வரும்" என்றான்.

"ரெண்டையும் ஒரே அளவா எழுதிடேன்" என்றாள் டோரீன்.

"கூடவே கூடாது!" என்று கத்தினேன். "ரெண்டையும் திணிச்சா எழுத்து எறும்பு மாதிரி ஆயிடும். ஒருத்தர் பெருசு, ஒருத்தர் சிறுசு. அவ்வளவுதான்."

"சிறுசு யாரு?"

"இது ஒரு கேள்வியா? நீதான்."

"ஏன்?"

"கடையை வாங்கினது நான்."

"வாங்கினே. அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்?"

"பீப்பாய் மாத்துறது யாரு? குழாய் கழுவுறது யாரு? கணக்கு எழுதுறது யாரு? அழுவுற குடிகாரனைத் தட்டிக் குடுத்து வீட்டுக்கு அனுப்புறது யாரு?"

"அவனை அழ வைக்கிறது யாரு? நான்! அது வேலை இல்லையா?"

ஹெட்லி மெதுவாக ஏணியை மடக்கினான். "நீங்க பேசி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று நழுவிவிட்டான்.

இங்கே இன்னொரு அநியாயத்தையும் சொல்லி வைக்கிறேன். எங்கள் யார்க்ஷயரில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற பெண்கள் யாரைப் பார்த்தாலும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். டோரீனும் அப்படியே. "என்ன குடிக்கிறீங்க, கண்ணு?" பால்காரன் கண்ணு. போலீஸ்காரன் கண்ணு. போலீஸ்காரனின் ஒற்றைக்கண் நாய்கூடக் கண்ணு. மோதிரம் போட்டுக் கட்டிக்கொண்ட எனக்கு மட்டும் "நாரிஸ்!" அதுவும் உடைந்த கிளாஸை மிதித்த குரலில். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு 'கண்ணு' கேட்டு என் காது காய்ந்து கிடக்கிறது. போகட்டும்.

அன்று நான் விடவில்லை. "இங்க பாரு டோரீன். இந்த மூணு கிடாவை எந்தக் காலத்துலயும் பொம்பளை நடத்தினதில்ல. கட்டின நாள்லேருந்து ஆம்பளைதான் தலைவன். அந்த வழக்கத்தை மாத்த நான் யாரு?"

"நீ பார்த்தியா?"

"பார்க்காட்டி என்ன? இது பப். பூக்கடை இல்ல."

டோரீன் கிளாஸைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "குடிக்கணக்குல இருக்கும். போய்ப் பாரு."

"குடிச்ச கணக்கெல்லாம் கல்லாப்பெட்டியிலதானே இருக்கு?"

"அது குடிச்ச கணக்கு. இது குடித்தனக் கணக்கு. எந்த வீட்ல யாரு இருந்தாங்க, யாரு தலைன்னு அரசாங்கம் எழுதி வச்சது. பழசையெல்லாம் படம் பிடிச்சு நூலகத்துல வச்சிருக்காங்களாம். எல்லாத்துலயும் ஆம்பளைதான் தலைன்னு காட்டிடு. உன் பேரைப் பெருசாவே எழுதிக்கோ. நான் வாயே திறக்க மாட்டேன்."

அடிமாட்டு விலை! வாய் திறக்காத டோரீன் வேறு இலவசம். தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எதிர்ச்சாரியில் 'மகுடம்' பப்பின் முதலாளி டெரிக் பூத் வாசலில் நின்று பித்தளைக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பூதம் என்றுதான் சொல்வேன். மனைவி கிடையாது. ஆகவே அவன் வாசலில் அவன் பெயர் மட்டும், ஒரு முழ உயரத்தில் மின்னும். தினமும் காலையில் கதவைத் திறந்தால் என் கண்ணில் படுவது அதுதான்.

"எங்க நாரிஸ், நூலகமா? படிக்கக் கத்துக்கிட்டியா?" என்றான்.

அவனுக்குப் பதிலை வெற்றி பெற்ற பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

நூலகத்தில் மிஸ் பிக்கிள்ஸ் இருந்தாள். எங்கள் பக்கத்தில் இது சாதாரணக் குடும்பப் பெயர்தான். ஆனால் இவள் நிஜமாகவே ஊறுகாய் ஜாடியில் ஊறிய மாதிரி இருப்பாள்.

"படச்சுருள் மெஷின் ஒரு மணி நேரம்தான் தருவோம்" என்றாள்.

"ரெண்டு" என்றேன்.

"இது சந்தை இல்ல, மிஸ்டர் சக்டன்."

"சரி, ஒன்றரை. முடிச்சுக்கலாம்."

"ஒரு மணி நேரம். தொப்பியைக் கழட்டுங்க."

நேரமும் குறைந்தது, தொப்பியும் போனது. என் வியாபார வாழ்க்கையில் இப்படி ஒரு நஷ்டம் கண்டதில்லை.

பிறகு அவள் கணக்கின் விதியை விளக்கினாள். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு ராத்திரி. அன்று ராத்திரி எந்தக் கூரையின் கீழே படுத்தாயோ, அந்தக் கூரையின் கணக்கில் நீ. அது யார் கூரை என்பது பற்றி அரசாங்கத்துக்குக் கவலை இல்லை. எழுதி முடித்ததும் நூறு வருஷம் பூட்டி வைத்துவிடுவார்கள். ஆகவே இப்போதைக்குப் பார்க்கக் கிடைப்பது மூன்றே சுருள்: 1841, 1851, 1861. 1871-க்கு நூறு முடிந்து பூட்டுத் திறக்க அடுத்த வருஷம் ஆகுமாம்.

"அதுக்கப்புறம் எழுதினதெல்லாம்?"

"பூட்டியிருக்கு."

"பூட்டு என்ன விலை?"

மிஸ் பிக்கிள்ஸ் சுருளை மெஷினில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மெஷினைக் கண்டுபிடித்தவனைக் கட்டி வைத்து அதையே பார்க்க வைக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் ஊரே தலைகீழாக ஓடுகிறது. கப்பலில் போகிறவன் மாதிரி மேஜையைப் பிடித்துக்கொண்டேன். எழுத்தோ, மையில் கால் வைத்த கோழி பக்கத்துப் பண்ணைக்குப் போன வழி. இருந்தாலும் விடவில்லை. எங்கள் தெருவைப் பிடித்தேன். மூன்று கிடாவைப் பிடித்தேன்.

1841. 'வில்லியம் சட்கிளிஃப். பப் நடத்துபவர்.'

"ஆம்பளை!" என்று கத்தினேன்.

"உஷ்!" என்றாள் மிஸ் பிக்கிள்ஸ்.

1851. இந்தச் சுருளில் 'குடும்பத் தலைவருக்கு என்ன உறவு' என்று தனிக் கட்டமே போட்டிருந்தார்கள். நல்ல அரசாங்கம். ஆவலோடு சுற்றினேன். மூன்று கிடா. 'ஹன்னா கிரீன்வுட். குடும்பத் தலைவி. பப் நடத்துபவர்.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். ஹன்னாவேதான். சரி, விதவையாக இருக்கும், பாவம், புருஷன் போன துக்கத்தில் இரண்டு நாள் கல்லாவில் நின்றிருப்பாள் என்று அடுத்த கட்டத்தைப் பார்த்தால், 'திருமணமானவர்.' புருஷன் உயிரோடு இருக்கிறான்! ஆனால் வீட்டில் இல்லை! பின்னே எங்கே போனான் அந்தப் பாவி?

சுருளைத் திருப்பினேன். ஒரு அங்குலம். அடுத்த பக்கத்தில் 'மகுடம்' பப். அதன் முதலாளி, முதலாளியின் மனைவி, பிள்ளைகள், வேலைக்காரி, எல்லாருக்கும் கீழே, வேலைக்காரிக்கும் கீழே: 'ஜோப் கிரீன்வுட். விருந்தாளி.' தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு. வெறும் கோடு!

மிஸ் பிக்கிள்ஸ் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "பொண்டாட்டியோட சண்டை போட்டுக்கிட்டு எதிர்க்கடையில போய்ப் படுத்திருப்பாரு. அன்னிக்குன்னு பார்த்து கணக்கு எடுத்திருக்காங்க. பாவம்."

"பாவமா? மடப்பயல்! எதிரி வீட்டுல போயா படுப்பான்? நூத்தி இருபது வருஷமா அங்கேயே விருந்தாளியாக் கிடக்கான் பாருங்க! எழுந்திரிச்சு வரவும் முடியாது!" எனக்குக் கோபத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்பில் கோபம் வந்தது. "இவனை மாதிரி ஆளாலதான் எங்களை மாதிரி ஆம்பளைங்களுக்குக் கெட்ட பேரு!"

"உஷ்!"

1861-ஐச் சுற்றினேன். கடவுள் கண் திறந்தார். 'ஈனோக் கிராப்ட்ரீ. குடும்பத் தலைவர். பப் நடத்துபவர்.' கீழே, 'சாரா. மனைவி. தொழில்: பப் நடத்துபவரின் மனைவி.' எவ்வளவு அழகான தமுக்கு அடித்தது போன்ற வாக்கியம்! ஈனோக் இப்போது இருந்தால் அவனுக்கு வாழ்நாள் முழுக்க இலவசமாக பியர் ஊற்றியிருப்பேன். கொஞ்சம் நுரையோடு.

ஆனால் வழியெல்லாம் யோசனை. ஒப்பந்தம் என்ன? 'எல்லாத்துலயும் ஆம்பளை.' நடுவில் ஹன்னா வந்து உட்கார்ந்திருக்கிறாளே. வெறும் வியாபாரி என்றால் இங்கே தோற்றிருப்பான். நான் சக்டன். சரக்கில் ஓட்டை இருந்தால் ஓட்டையை அடைக்கக் கூடாது. ஒப்பந்தத்தை மாற்ற வேண்டும்.

சாயங்காலம் கடை நிறைய ஆள். மூலையில் ஹெட்லியும் கூட்டாளிகளும் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். சாட்சிக்குச் சாட்சி ஆயிற்று. நான் கல்லா முன் போய் நின்றேன்.

"டோரீன், மூணுல ரெண்டு ஆம்பளை" என்றேன்.

"மூணாவது?"

"அதை விடு. ஒண்ணே ஒண்ணுதான். நடுவுல."

"ஒரே ஒரு ஓட்டை இருந்தாலும் அது ஓட்டை வாளிதான்னு, வாங்கும்போது சொல்வியே?"

என் சரக்கையே என்னிடம் விற்கிறாள்! ஆனால் நான் தயாராக இருந்தேன்.

"வாளியை விடு. புதுச் சட்டம் வந்தா பழசு செல்லாது. அதே மாதிரி, கடைசிக் கணக்கு எதுவோ, அதுதான் செல்லணும். முன்னாடி சட்கிளிஃப் இருந்தா என்ன, ஹன்னா இருந்தா என்ன? கடைசிக் கணக்குல யாரு தலையோ, அவங்க பேரு பெருசு."

டோரீன் துடைப்பதை நிறுத்தினாள். "கடைசிக் கணக்கா?"

"கடைசி."

"வேண்டாம் நாரிஸ். எனக்கென்னவோ பயமா இருக்கு."

பயம்! மீன் தக்கையை இழுக்கிற அந்தக் கணம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் வியாபாரத்துக்கே வந்தேன். தயங்குகிற ஆளை விடக் கூடாது. அமுக்கினேன்.

"என்ன பயம்? சரின்னு சொல்லு. இல்லேன்னா இப்பவே தோத்துட்டேன்னு சொல்லு."

"முன்னாடி கணக்கு எதுவும் செல்லாது?"

"செல்லாது."

"அப்புறம் பேச்சு மாற மாட்டியே?"

"நாரிஸ் சக்டன் பேச்சு மாறி யாராவது பார்த்திருக்கீங்களா?" என்று கடை முழுக்கக் கேட்டேன். எல்லாரும் கிளாஸுக்குள்ளே பார்த்தார்கள். மரியாதை.

எங்கள் சந்தை வழக்கப்படி உள்ளங்கையில் துப்பி நீட்டினேன். டோரீன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கிளாஸ் துடைக்கிற துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, படாரென்று அடித்தாள். ஒப்பந்தம் முடிந்தது. உடனே நான் ஈனோக்கை வெளியே எடுத்து விட்டேன். "ஈனோக் கிராப்ட்ரீ! குடும்பத் தலைவர்! 1861!"

"அடடா" என்றாள் டோரீன்.

ஹெட்லிக்கு ஏனோ பியர் புரையேறியது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்ப எழுதுறே ஹெட்லி? நாளைக்கே வா!" என்றேன்.

"எனக்குத் திங்கக்கிழமைதான் ஒழியும்" என்றான், டோரீனைப் பார்த்துக்கொண்டு.

"திங்கள் நல்லது" என்றாள் அவள். "அதிருக்கட்டும் நாரிஸ், நடுவுல ஓட்டைன்னியே, அது என்ன கதை?"

வெற்றி பெற்றவன் தாராளமாக இருக்க வேண்டாமா? ஜோப் கிரீன்வுட் கதையைச் சொன்னேன். சொன்னேனா? நடித்தே காட்டினேன். கோபித்துக்கொண்டு வீராப்பாக வெளியே போவது, எதிர்க்கடைக் கட்டிலில் குறுகிப் படுப்பது, வேலைக்காரிக்குக் கீழே விருந்தாளியாகப் பதிவாவது. கடை உருண்டு சிரித்தது. டோரீன்கூட முழங்கையைக் கல்லாவில் ஊன்றிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் பேசியதை முழுசாகக் கேட்டாள்.

"அந்த ராத்திரி எங்க படுத்தாரோ அதுதான் கணக்கா?"

"அதேதான்! சொந்த வீடு எதிர்ல இருந்தாலும் சரி!"

"ஒரு ராத்திரிதான்?"

"ஒரே ராத்திரி! முட்டாள்!"

"ரொம்ப நல்லா விளக்குறே நாரிஸ்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரம் யாரோ ஒருத்தி பையை மாட்டிக்கொண்டு வந்து நீளமாக ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனாள். டோரீன் அதைக் கடிகாரத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். கட்டம் போட்ட தாள் என்றாலே எனக்கு ஆகாது. அதெல்லாம் அவள் வேலை. வானொலியும் எதையோ பற்றி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டேன். என் மனசெல்லாம் தங்க வர்ணம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை சாத்தியதும் மாட்டிறைச்சி வறுவல். முதலில் யார்க்ஷயர் புட்டிங் என்கிற மாவுப் பணியாரம், குழம்பு ஊற்றி. அதுவரைக்கும் உலகம் ஒழுங்காகத்தான் சுற்றியது. பிறகு இறைச்சி வந்தது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை இறைச்சியைக் கத்தி தீட்டி வெட்டிப் பரிமாறுவது வீட்டுத் தலைவன். கையில்லாதவன்கூட அந்த உரிமையை விட மாட்டான். நான் கையை நீட்டினேன். டோரீன் கத்தியை எடுத்துத் தானே வெட்ட ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?"

"வெட்டுறேன்."

"அது தலைவன் வேலை!"

"தலை யாருன்னு இன்னும் முடிவாகலையே."

"முடிவாகலையா? ஈனோக்!"

"ஈனோக் வந்து வெட்டுவாரா? ஆறிப் போவுது, சாப்பிடு." என் தட்டில் கருகின முனையைப் போட்டாள். கருகின முனையை! அது நாய்க்குப் போடுகிற துண்டு. கண்ணு என்று கூப்பிடப்படுகிற நாய்க்கு!

"டோரீன், கத்தியைக் குடு."

"மாட்டேன்."

"கடைசியாக் கேக்கிறேன்."

"நானும் கடைசியாச் சொல்றேன். மாட்டேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. குழம்புக் கிண்ணம் அதுவாகவே கீழே விழுந்தது. என் கை பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். "இந்த வீட்டுல நான் தலைவன் இல்லேன்னா, இன்னிக்கு ராத்திரி இந்த வீட்டுல படுக்கவே மாட்டேன்!" என்று முழங்கினேன்.

"ஐயையோ, எங்க படுப்பே?"

"எங்கேயாவது!"

"ஞாயித்துக்கிழமை ஊர்ல எதுவும் திறந்திருக்காதே. மகுடத்துல மாடி அறை ஒண்ணு காலியா இருக்கு."

"அப்ப அங்கதான்!"

எதிர்க்கடையில் எந்த அறை காலியாக இருக்கிறது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? நிதானமானவன் கேட்டிருப்பான். கோபம் முழு வேகத்தில் போகும்போது நடுவில் இறங்கிக் கேள்வி கேட்க முடியாது. கதவை அறைந்து சாத்திவிட்டுத் தெருவைக் கடந்தேன்.

நான் தட்டுவதற்கு முன்பே பூதம் கதவைத் திறந்தான்.

"வா நாரிஸ். பைஜாமா மாடில இருக்கு."

"எந்தப் பைஜாமா?"

"உன்னோடதுதான். நீலக் கோடு போட்டது. டோரீன் காலைலயே குடுத்தனுப்பிட்டாங்க. பல் செட்டுப் போட்டு வைக்கிற டம்ளரும்."

காலையிலேயே! காலையில் சண்டை வரவில்லை. காலையில் மாட்டிறைச்சி அடுப்பிலேயே ஏறவில்லை!

பூதம் மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தான். எதிரில் ஒரு நீளமான தாள். கட்டம் கட்டமாக. அதே தாள், கடிகாரத்துக்குப் பின்னால் இருந்ததே, அதே ஜாதி.

"உன் முழுப் பேரு நாரிஸ் மட்டும்தானா, நடுவுல ஏதாவது உண்டா?" என்றான்.

"என்ன எழுதுறே?"

"குடிக்கணக்குய்யா. இன்னிக்கு ராத்திரிதானே? ஊர் பூரா எழுதிக்கிட்டிருக்கு. நீ வானொலியே கேக்கிறதில்லையா? இங்க பாரு, உனக்குன்னு ஒரு வரி விட்டு வச்சிருக்கேன். 'விருந்தாளி.'"

1971. கடைசிக் கணக்கு.

நாற்காலி விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினேன். என் கடைக் கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள். குத்தினேன். உதைத்தேன். அந்த நேரம் பார்த்து மெதடிஸ்ட் தேவாலயத்தில் மதியப் பிரார்த்தனை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. ஒரு சொட்டு பியர் தொடாதவர்கள். பப் வாசலில் வேடிக்கை என்றால் மட்டும் உயிரை விடுவார்கள். வரிசையாக நின்றுவிட்டார்கள்.

மாடி ஜன்னல் திறந்தது.

"யாரது?" என்றாள் டோரீன்.

"யாரதுவா? உன் புருஷன்!"

"என் புருஷன் இன்னிக்கு ராத்திரி இங்க படுக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரே. சொன்ன பேச்சு மாறாத மனுஷன்."

"மாத்திக்கிறேன்! கதவைத் திற!"

"தாராளமா வா. ஆனா முதல் கட்டத்துல என் பேரை எழுதிட்டேன். தலைன்னு. மையில. ரெண்டாவது கட்டம் காலியா இருக்கு. 'கணவன்'னு எழுதி உன்னைச் சேர்த்துக்கிறேன். வர்றியா?"

"ரெண்டாவதா? நானா? முதல் கட்டத்தை அடிச்சு எழுது!"

"அரசாங்கத் தாள். அடிச்சா அபராதம்."

"யாரு சொன்னா?"

"தாள்ல போட்டிருக்கு. நீ எந்தத் தாளைப் படிச்சே?"

பேரம்தான் வழி. மூச்சை இழுத்துக் குரலை இறக்கினேன். "சரி டோரீன். உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். முதல் கட்டத்துல ரெண்டு பேரையும் சேர்த்து எழுதிடு. ஒரே அளவா."

அவள் ஜன்னலில் சாய்ந்து கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனையில் எனக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"கட்டம் சின்னதா இருக்கே நாரிஸ். எழுத்து எறும்பு மாதிரி ஆயிடும்."

தேவாலயக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. கூட்டத்திலிருந்து பாதிரியார் பரிதாபமாகச் சொன்னார்: "உள்ள போப்பா நாரிஸ். ரெண்டாவது இடம் ஒண்ணும் மோசமில்ல. நான்கூட என் வீட்டுல..." அவர் மனைவி திரும்பிப் பார்த்தாள். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள் என் நிலைமையை. உள்ளே போனால் டோரீனுக்குக் கீழே கணவன். வெளியே போனால் பூதத்துக்குக் கீழே விருந்தாளி. இரண்டிலும் பலகை போயிற்று. மிச்சம் இருந்தது மானம் ஒன்றுதான். அதையாவது காப்பாற்றலாம் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பி நடந்தேன். எதிர்க்கடைக்கே. என் கடை ஜன்னல் எனக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

பூதம் அதே நாற்காலியில் அதே பேனாவோடு காத்திருந்தான்.

"தொழில் என்ன போடட்டும்?"

"பப் முதலாளின்னு போடு!"

"இந்த வீட்டுக் கணக்குல முதலாளி நான் ஒருத்தன்தானே இருக்கேன்? ரெண்டு முதலாளி எழுதினா அரசாங்கம் குழம்பிடும்." யோசித்தான். பிறகு அந்தக் கட்டத்தில் நிதானமாக ஒரு கோடு போட்டான்.

கோடு!

இந்தத் தாளை இனி நூறு வருஷம் பூட்டி வைப்பார்கள். அதற்கப்புறம் எவனாவது ஒருத்தன் வந்து சுருளைச் சுற்றி, மூன்று கிடாவில் என்னைத் தேடி, எதிர்க்கடையில் கண்டுபிடித்து, "மடப்பயல்" என்று சிரிப்பான். இப்போதே அவனுக்குச் சொல்கிறேன்: முதலில் தொப்பியைக் கழட்டுடா. பூதத்தின் வீட்டு மெத்தையில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரி.

திங்கட்கிழமை காலை பைஜாமாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். ஹெட்லி ஏணி மேல் இருந்தான். எழுதியே முடித்துவிட்டான். 'டோரீன் சக்டன்.' தங்க வர்ணம். ஒரு முழம். வெயிலில் கண் கூசியது. இவ்வளவு சீக்கிரம் எழுதுகிற கை கிடையாது. அச்சு வெட்டி எப்போதோ தயாராக வைத்திருந்திருக்கிறான், துரோகி.

"கீழே என்னய்யா அது, ஈ உக்காந்த மாதிரி?"

"அதான் நீ, நாரிஸ்" என்றான். "டோரீன் அம்மா சொன்ன அளவுதான். கிட்ட வந்தா தெரியும்."

போதும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒரு பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் அழ வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், ஹெட்லி மறுபடி ஏணி ஏற வேண்டும். அப்படிப்பட்ட பேச்சு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கல்லாவில் ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

டோரீன் கிளாஸைத் துடைத்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது. இத்தனை வருஷமாக நான் ஏங்கிய அந்தச் சொல்லை, பால்காரனுக்குச் சொல்கிற அதே இனிப்போடு, வாய் நிறையச் சொன்னாள்:

"வாங்க, வாங்க! என்ன குடிக்கிறீங்க, கண்ணு?"